எதிராளியின் நோட்டீஸ்

“இந்த நாட்டுல வாயைத் திறக்கவே பயமா இருக்கு, தாத்தா” என்று சொல்லிக்கொண்டு வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒருத்தர் வாயைக் கட்டினார்களே, அன்றைக்கு நீங்கள் என்ன செய்தீர்கள்? பெரும்பாலும் பதில் வராது. ஒரு பையன் மட்டும் ஒளிக்காமல் சொன்னான்: “அவனுக்கு இது வேணும்னு ஸ்டேட்டஸ் வச்சேன்.”

அந்தப் பையனை எனக்குப் பிடித்துவிட்டது. மற்றவர்களும் அதைத்தான் செய்திருப்பார்கள், சொல்லவில்லை. நம் ஆளைப் பிடித்தால் ஜனநாயகப் படுகொலை. அவர்கள் ஆளைப் பிடித்தால் சட்டம் தன் கடமையைச் செய்கிறது. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தமிழ்நாட்டில் இந்த இரண்டு வாக்கியங்களும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஆட்சியில் இருக்கும்போது ஒன்று, எதிர்வரிசையில் உட்காரும்போது இன்னொன்று.

நீங்கள் கவலைப்படுவதற்கு நியாயம் இருக்கிறது. அதற்கும் வருகிறேன். ஆனால் தன் பக்கத்து வாய்க்காக மட்டும் படுகிற கவலை, ஆட்சி மாறிய மறுநாள் காணாமல் போய்விடும்.

நான் தஞ்சாவூரில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராக வேலைக்குச் சேர்ந்தவன். ஈய எழுத்தைப் பெட்டியிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஸ்டிக்கில் கோத்து, காலியில் இறக்கி, நூல் கட்டி, புரூஃப் எடுத்து, டிரெடிலில் மிதித்து ஓட்டின காலம். கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, கோயில் திருவிழா நோட்டீஸ், அப்புறம் கட்சி நோட்டீஸ். எங்கள் முதலாளி கதர் கட்டுகிற காங்கிரஸ்காரர். விபூதி பூசாமல் கடை திறக்க மாட்டார். அவரிடம் திராவிடர் கழகத்துக்காரர்கள் வந்து கூட்டத்துக்கு நோட்டீஸ் கேட்டால், முன்பணம் வாங்கிக்கொண்டு அடித்துக் கொடுப்பார். செங்கொடிக்காரர்களுக்கும் அடிப்பார். ரோஸ் பேப்பரில் ஒன்று, மஞ்சள் பேப்பரில் ஒன்று, இரண்டும் ஒரே மேஜையில் மை காய்ந்துகொண்டிருக்கும். ஒன்றில் இருப்பவனை இன்னொன்றில் கிழித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். கோத்தது ஒரே கை.

இரண்டு மாதிரி மேட்டரை மட்டும் அவர் தொட மாட்டார். ஒருத்தர் வீட்டுப் பெண்களைப் பற்றி எழுதி வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவார். வெட்டு, கொளுத்து என்று இருந்தாலும் அப்படியே. மற்றபடி எதுவும் போகும். “சாமியே இல்லேங்கறவனுக்கு நீங்க அடிச்சுக் கொடுக்கறீங்களே” என்று ஒரு நாள் கேட்டேன். “நான் அடிக்கலேன்னா கும்பகோணத்துல அடிப்பான். கூட்டம் நடக்கத்தான் போவுது. அவன் என்ன சொல்றான்னு எனக்குத் தெரியாமப் போயிடும், அவ்வளவுதான்” என்றார். இதைவிடத் தெளிவாகப் பேச்சுரிமைக்கு யாரும் விளக்கம் சொல்லி நான் கேட்டதில்லை.

நோட்டீஸின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், பார்த்திருப்பீர்கள்: அச்சகத்தின் பெயர், ஊர். அது விளம்பரத்துக்காகப் போடுவது என்று பலர் நினைக்கிறார்கள். 1867ஆம் வருஷத்து வெள்ளைக்காரச் சட்டம் அது. 2024இல் அது நீக்கப்படும் வரை, அச்சாகிற எந்தத் தாளிலும் அச்சிட்டவர் பெயரும் இடமும் இருந்தே ஆக வேண்டியிருந்தது. தலைவர் யார், கூட்டம் எங்கே என்பதையெல்லாம் விட்டுவிட்டுப் போலீஸ்காரர் முதலில் படிப்பது அந்தக் கடைசி வரியைத்தான். எழுதினவன் ஓடிப்போகலாம். பேசினவனுக்குக் கட்சி இருக்கிறது, வக்கீல் இருக்கிறார். அச்சகக்காரனுக்கு ஒரு டிரெடிலும் வாடகைக் கட்டடமும்தான். மிரட்ட வேண்டியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். இன்றைக்கும் மண்டபக்காரர், மைக் செட்டுக்காரர், கல்லூரி முதல்வர், கேபிள் டிவிக்காரர் என்று அந்தக் கடைசி வரியில் இருப்பவர்களுக்குத்தான் முதல் போன் போகிறது.

இப்போது கொஞ்சம் பழைய கதை. நீங்கள் கைப்பேசியில் தட்டுகிற ஒவ்வொரு எழுத்துக்கும் இதில் சம்பந்தம் இருக்கிறது.

அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1950 ஜனவரி 26. பதினாறாம் நாள், பிப்ரவரி 11 அன்று, சேலம் சிறையில் கம்யூனிஸ்ட் கைதிகள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்தது. இருபத்திரண்டு பேர் செத்தார்கள். அடுத்த மாதம் முதல் தேதியே, பம்பாயிலிருந்து ரமேஷ் தாப்பர் நடத்திய ‘கிராஸ் ரோட்ஸ்’ என்ற இடதுசாரி வாரப் பத்திரிகை சென்னை மாகாணத்துக்குள் நுழையக்கூடாது என்று மாகாண அரசு தடை போட்டது. பொது அமைதிச் சட்டம் என்று ஒன்று கையில் இருந்தது. அதற்கு மறுநாள், மார்ச் 2, டெல்லியில் ஆர்.எஸ்.எஸ். சார்புடைய ‘ஆர்கனைசர்’ பத்திரிகைக்கு வேறொரு உத்தரவு: வகுப்புவாத விஷயங்களையும் பாகிஸ்தான் பற்றிய செய்திகளையும் அச்சிடுவதற்கு முன் அதிகாரியிடம் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும்.

இரண்டு பத்திரிகையும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. 1950 மே 26 அன்று, ஒரே நாளில், அதே நீதிபதிகள் இரண்டு தடையையும் ரத்து செய்தார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னையிலிருந்து போன பதஞ்சலி சாஸ்திரி. நாட்டின் பாதுகாப்பே ஆட்டம் காண்கிற அளவுக்கு இருந்தாலொழிய, பொது அமைதி என்ற பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு பத்திரிகையை நிறுத்த முடியாது என்பது தீர்ப்பின் சாரம். செங்கொடிக்காரனும் காக்கி நிக்கர்காரனும் தெருவில் எதிரெதிரே வந்தால் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். இந்தியாவின் பேச்சுரிமைச் சட்டம் அவர்கள் இரண்டு பேரின் தயவில் ஒரே நாளில் பிறந்தது. அதில் ஒரு வழக்குக்கு எதிராளியாக நம் சென்னை மாகாணத்தின் பெயர் இருப்பதை நினைத்தால் எனக்குக் கொஞ்சம் கூச்சம்தான்.

அடுத்த வருஷமே நேரு அரசு அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் கொண்டுவந்தது. பேச்சுரிமைக்கு எதிரான காரணங்களின் பட்டியலில் பொது அமைதியும் சேர்ந்துகொண்டது. கட்டுப்பாடு நியாயமானதாக இருக்க வேண்டும் என்று ஒரு சொல்லையும் சேர்த்தார்கள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் இன்றுவரை வக்கீல்கள் வாதாடுகிறார்கள். நாடாளுமன்றத்தில் அந்தத் திருத்தத்தைக் கடுமையாக எதிர்த்தவர்களில் ஒருவர் ஷியாமா பிரசாத் முகர்ஜி. அவர் வழிவந்தவர்கள் இன்று டெல்லியில் ஆள்கிறார்கள். மேலே சொல்ல வேண்டியதில்லை.

நம் ஊர்க் கதை இதைவிட வேடிக்கை. எம்.ஆர்.ராதா ராமாயண நாடகம் போட்டு ஊரைக் கலக்கிய காலத்தில், 1954இல், காங்கிரஸ் ஆட்சி நாடக நிகழ்ச்சிச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. அவரை மனதில் வைத்துக் கொண்டுவந்த சட்டம் என்று ஊருக்கே தெரியும். நாடகம் போட வேண்டுமென்றால் முழு வசனத்தையும் போலீசாரிடம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். 1967இல் நாடக மேடையிலேயே வளர்ந்த கட்சி ஆட்சிக்கு வந்தது. அண்ணா நாடகம் எழுதியவர், நடித்தவர். ‘ஆரிய மாயை’ எழுதியதற்காகச் சிறைக்கும் போனவர். கலைஞரும் நாடகக்காரர், எம்.ஜி.ஆரும் மேடையிலிருந்து வந்தவர். இதைவிடப் பொருத்தமான ஆட்கள் அந்தச் சட்டத்தைக் கிழித்துப் போட யார் இருக்க முடியும்? கிழிக்கவில்லை. அது பத்திரமாகப் பீரோவில் இருந்தது. நாற்பத்தாறு வருஷம் கழித்து, 2013இல், ‘பரீக்ஷா’ நாடகக் குழுவின் ஞாநி போட்ட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம்தான் அதைச் செல்லாது என்று சொன்னது.

ஏன் விட்டுவைத்தார்கள்? எதிரி செய்த பூட்டாக இருந்தாலும் சாவி நம் இடுப்பில் வந்துவிட்டால் பூட்டு நல்ல பூட்டாகிவிடுகிறது. இதில் தி.மு.க., அ.தி.மு.க. என்று பேதமே கிடையாது. 1987இல் ‘ஆனந்த விகட’னின் அட்டையில் சட்டமன்ற உறுப்பினரையும் மந்திரியையும் கிண்டல் செய்து ஒரு ஜோக் வந்தது. ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்துச் சிறைக்கு அனுப்பியது. நாடு முழுக்கக் கூச்சல் எழுந்ததும் சில நாளில் விட்டார்கள். பிறகு அவர் வழக்குப் போட்டு ஜெயித்தபோது கிடைத்த இழப்பீடு 1,000 ரூபாய். 2003இல் ‘இந்து’ நாளிதழின் ஆசிரியர்களுக்கும் ‘முரசொலி’ ஆசிரியருக்கும் அதே சட்டமன்றம் பதினைந்து நாள் சிறை விதித்தது. உச்ச நீதிமன்றம் குறுக்கே வந்ததால் அவர்கள் உள்ளே போகவில்லை. 2007இல், தி.மு.க. ஆட்சியில், ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டதற்காக மதுரையில் ‘தினகரன்’ அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். செத்த மூன்று பேரில் இரண்டு பேர் கணினிப் பொறியாளர்கள், ஒருவர் காவலாளி. கருத்துக்கணிப்பில் ஒரு புள்ளி வைத்தவர்கள்கூட இல்லை அவர்கள். கடைசி வரியில் இருப்பவனுக்குத்தான் முதல் அடி என்று சொன்னேனே, இதுதான்.

நெருக்கடி நிலையைப் பற்றி உங்களுக்கு நிறையச் சொல்லியிருப்பார்கள். 1975 ஜூன் 25 இரவு டெல்லியில் பத்திரிகை அலுவலகங்கள் இருக்கிற சாலையில் மின்சாரத்தை வெட்டியதிலிருந்து 1977 மார்ச் வரை அது பெரிய கதை. நான் சொல்ல வருவது அச்சுக்காரன் கண்ணில் பட்ட ஒன்றிரண்டு மட்டும். தணிக்கைக்காரர்கள் வெட்டிய இடத்தை வெள்ளையாக விடுவதற்கும் தடை வந்தது. ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ தலையங்க இடத்தை வெற்றிடமாக விட்டு அச்சிட்டது. எழுதியதைவிட எழுதாதது உரக்கப் பேசிவிட்டது. அதனால் மௌனமும் குற்றமானது.

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று கலைஞர் ஆட்சியைக் கலைத்தார்கள். கட்சிக்காரர்களை மிசா சட்டத்தில் கொத்துக்கொத்தாக அள்ளிக்கொண்டு போனார்கள். கைதானவர்களின் பெயரைப் போடக்கூடாது. பிள்ளை எங்கே போனான் என்று தாய்க்கே தெரியாது. பிப்ரவரி 3 அண்ணாவின் நினைவு நாள். அன்றைய ‘முரசொலி’யில் ஒரு பட்டியல் வந்தது: அண்ணா நினைவிடத்துக்கு அஞ்சலி செலுத்த வர இயலாதவர்கள் யார் யார் என்று, ஊர் ஊராக, வெறும் பெயர்கள். குற்றம் சொல்ல அதில் ஒரு சொல் கிடையாது. எங்கள் அச்சகத்தில் அந்தத் தாள் கைக்குக் கை போனது. ஒருத்தரும் வாய்விட்டுப் படிக்கவில்லை. தஞ்சை மாவட்டம் என்று வருகிற இடத்தில் விரலை வைத்து ஒவ்வொரு பெயராக இறங்கினார்கள். பெயர்ப்பட்டியல் என்றால் கம்பாசிட்டர்களுக்கு அலுப்பு. ஒரே மாதிரி ‘கோ’வும் ‘கா’வும் ‘மா’வும் கோத்துக் கை மரத்துப்போகும். அதைக் கோத்த ஆளுக்கு அன்றைக்கு அலுத்திருக்காது.

எங்கள் முதலாளி அந்த மாதத்திலிருந்து கட்சி மேட்டர் எதையும் வாங்கவில்லை. இரண்டு தடவை ஸ்டேஷனிலிருந்து ஆள் வந்து போனதே போதுமாக இருந்தது. காதணி விழா, புதுமனை புகுவிழா, அவ்வளவுதான். அவர் காங்கிரஸ்காரர், ஆண்டதும் காங்கிரஸ், இருந்தும் வாங்கவில்லை. எதிராளி நோட்டீஸ் அடிக்க முடியாத ஊரில் தன் கட்சி நோட்டீஸையும் அடிக்க அவருக்குக் கை வரவில்லையோ என்னவோ, நான் கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1950இல் யாருக்காக உச்ச நீதிமன்றம் முதன்முதலில் பேச்சுரிமையைக் காப்பாற்றிக் கொடுத்ததோ, அந்தக் கம்யூனிஸ்டுகளில் ஒரு பிரிவு, இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி, நெருக்கடி நிலையை ஆதரித்தது. அடி வாங்கியவனுக்கு அடியின் வலி தெரியும் என்று நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

இனி, எனக்கே விழுங்கக் கஷ்டமாக இருந்த ஒரு வழக்கு. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்று ஒரு படம். இட ஒதுக்கீட்டைக் குறை சொல்கிற படம். சாதியை மறைத்துப் பெரிய உத்தியோகத்துக்கு வந்த ஒரு பெண்ணின் கதை. என் குடும்பத்தில் முதல் பட்டதாரி இட ஒதுக்கீட்டில் படித்தவள். எனக்கு அந்தப் படத்தின் மேல் எவ்வளவு கோபம் இருந்திருக்கும் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். தணிக்கை வாரியம் கொடுத்த சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தபோது எங்கள் தெருவில் யாரும் அழவில்லை.

1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அந்தப் படத்தை விடுவித்தது. திரையரங்குகளைத் தாக்குவோம் என்று மிரட்டுகிறார்கள், சட்டம் ஒழுங்கு கெடும் என்பது மாநில அரசின் வாதம். நீதிபதிகள் கேட்டது இதுதான்: மிரட்டுகிறவனை அடக்குவது அரசின் வேலையா, மிரட்டப்படுகிறவனின் வாயை அடைப்பதா? ஒரு பேச்சைத் தடுக்க வேண்டுமென்றால், அதற்கும் நடக்கப் போகிற ஆபத்துக்கும் வெடிமருந்துப் பீப்பாயில் விழுகிற தீப்பொறி மாதிரி நேரடித் தொடர்பு இருக்க வேண்டும், ஊகமும் பயமும் போதாது என்றார்கள்.

அந்தப் படத்தை இன்று யார் பார்க்கிறார்கள்? தீர்ப்புதான் உயிரோடு இருக்கிறது. 2012இல் மும்பையில் பால் தாக்கரே இறந்தபோது, ஊரே ஏன் அடைக்க வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் கேட்ட பெண் ஒருத்தியையும் அதற்கு லைக் போட்ட இன்னொருத்தியையும் பால்கரில் கைது செய்தார்கள். அதே வருஷம் புதுச்சேரியில் ஓர் அரசியல்வாதியின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியவரை விடிகாலையில் வந்து பிடித்துப் போனார்கள். எல்லாம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே தூக்கி எறிந்தபோது துணைக்கு எடுத்துக்கொண்ட பழைய தீர்ப்புகளில் ‘ஒரே ஒரு கிராமத்திலே’ வழக்கும் ஒன்று. நான் வெறுத்த படம் கொண்டுவந்த தீர்ப்புதான் உங்களுக்குக் குடையாக நிற்கிறது. அன்றைக்கு எங்கள் தெருவின் விருப்பப்படி நடந்திருந்தால் அது இருந்திருக்காது.

ஆட்டோ சங்கர் வழக்கும் அந்த வகைதான். கொலைகாரன் சிறையிலிருந்து எழுதிய சுயசரிதையை ‘நக்கீரன்’ வெளியிடக் கூடாது என்று அதிகாரிகள் முட்டுக்கட்டை போட்டார்கள். பெரிய இடத்துப் பெயர்கள் அதில் வரும் என்ற பயம். வெளிவருவதற்கு முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரமில்லை என்று 1994இல் தீர்ப்பு வந்தது. அடுத்த வருஷம் அவனைச் சேலம் சிறையில் தூக்கிலிட்டார்கள். அவன் பெயர் சொல்லி வந்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் இன்றும் பாடமாகப் படிக்கிறார்கள். நல்லவர்கள் மட்டும் பேசுகிற நாட்டில் பேச்சுரிமைக்கு வழக்கே வராது, தம்பி.

நீதிமன்றம் இருக்கிறதே, பிறகென்ன என்று கேட்பீர்கள். தடை என்பது எப்போதும் உத்தரவாக வந்தால் நீதிமன்றம் போகலாம். உத்தரவே இல்லாமல் வருவதுதான் இன்றைய வழக்கம். அதற்கு நாமக்கல்லைப் பார்க்க வேண்டும்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ வெளிவந்தது 2010இல். நாலு வருஷம் யாருக்கும் மனம் புண்படவில்லை. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் திடீரென்று புண்பட்டது. புத்தகத்தைக் கொளுத்தினார்கள், கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று மாவட்ட வருவாய் அலுவலர் முன்னிலையில் சமாதானக் கூட்டம் என்றார்கள். இந்த மாதிரிக் கூட்டம் எப்படி இருக்கும் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. யாரும் அடிக்க மாட்டார்கள். காபிகூட வரும். “பிரச்சினையை வளர்க்க வேணாம் சார், ஊர் நல்லாருக்கணும்” என்பார்கள். வெளியே கூட்டம் நிற்கும். முடிவில் ஒரு தாள் வரும். நிபந்தனையில்லாத வருத்தம், விற்காத பிரதிகளைத் திரும்பப் பெறுதல், இன்ன இன்ன பகுதிகளை நீக்குதல். கையெழுத்து. அரசாணை கிடையாது, எண் கிடையாது, அரசிதழில் ஒரு வரி கிடையாது. அரசு தடை செய்தது என்று யாரும் சொல்லவும் முடியாது. எழுத்தாளர் வீட்டுக்குப் போய், பெருமாள்முருகன் என்ற எழுத்தாளன் செத்துவிட்டான் என்று ஃபேஸ்புக்கில் எழுதினார்.

தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் ச.தமிழ்ச்செல்வன் வழக்குக்குப் போனார். 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் தலைமையிலான அமர்வு, அந்தச் சமாதானக் கூட்டத்துத் தாள் யாரையும் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பு சொன்னது. எழுத்தாளர் மறுபடி எழுத உட்கார்ந்தார். ‘பூனாச்சி’ அதே வருஷம் வந்தது. நல்லபடியாக முடிந்த கதை என்று சொல்வார்கள். எனக்கு அந்த ஒன்றரை வருஷம்தான் கண்ணில் நிற்கிறது. பெருமாள்முருகனுக்குப் பதிப்பகம் இருந்தது, சங்கம் இருந்தது, வக்கீல்கள் இருந்தார்கள். பேர் தெரியாத ஊரில் பேர் தெரியாத ஒரு பையன் தன் சாதிக்காரர்களைப் பற்றி ஒரு கதை எழுதி, அதே மாதிரி ஒரு மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தால், அது எந்தச் சட்டப் புத்தகத்திலும் ஏறாது. அவன் செத்ததாகக்கூட அறிவிக்க மாட்டான். எழுதுவதை நிறுத்திவிட்டு வேலைக்குப் போவான்.

உங்கள் கவலைக்கு நியாயம் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா? 66ஏ செத்த பிறகும் பல மாநிலங்களில் போலீஸ் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தது. உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. மதுக்கடைகளை மூடச் சொல்லிப் பாடிய கோவன் மேல் 2015இல் ராஜத்துரோக வழக்கு. அந்த 124ஏ பிரிவை 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதுத் தண்டனைச் சட்டத்தில் ராஜத்துரோகம் என்ற பெயர் இல்லை. அந்த இடத்தில் 152ஆம் பிரிவு இருக்கிறது. இப்போதெல்லாம் தண்டனை வருவதற்குள் தண்டனை முடிந்துவிடுகிறது. எங்கோ ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒரு ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர்., ரயிலேறிப் போக வேண்டும், ஜாமீன், கைப்பேசி பறிமுதல், மூன்று வருஷம் வாய்தா. விடுதலையாகி வரும்போது கேட்க ஆள் இருக்காது.

இதையெல்லாம் நீங்கள் தனியாளாக நின்று மாற்ற முடியாது. உங்கள் கையில் இருப்பதைச் சொல்கிறேன். ஒரு புத்தகத்தையோ படத்தையோ தடை செய்யச் சொல்லி மனு வந்தால், உங்கள் கட்சிக்காரரே கொண்டுவந்தாலும், கையெழுத்துப் போடாதீர்கள். “நீங்க படிச்சீங்களா?” என்று மட்டும் கேளுங்கள், பாதி மனுக்கள் அங்கேயே நிற்கும். எதிர்த்தரப்பு ஆள் ஒருத்தரைப் பேச்சுக்காகப் பிடித்தால், அவர் பேசியது தப்பு, பிடித்ததும் தப்பு என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். முதல் தடவை உங்கள் ஆட்களே முறைப்பார்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்குவார்கள். பெரிய நஷ்டமில்லை.

போன மாதம் ஒரு பெண் பிள்ளை வந்தாள், இதழியல் படிக்கிறவள். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “உங்களுக்கு என்ன தாத்தா, நீங்க ஆம்பிளை. என் கட்டுரைக்குக் கீழ வந்து என்ன எழுதறாங்கன்னு பாருங்க. இதுவும் பேச்சுரிமையா?” என்று கைப்பேசியை நீட்டினாள். படித்தேன். மூன்று பேர் அவள் வீட்டு முகவரியைப் போட்டு, என்ன செய்வோம் என்று எழுதியிருந்தார்கள். நாலாவது ஆள் ஒரு பேராசிரியர். அவள் எழுதியது முழுக்க அபத்தம், பெண்களுக்கு அரசியல் எழுத வராது என்று இரண்டு பத்தி எழுதியிருந்தார். இந்த நாலு பேர் மீதும் புகார் கொடுக்கப் போவதாகச் சொன்னாள்.

முதல் மூன்றும் எங்கள் முதலாளி திருப்பிக் கொடுத்திருக்கக்கூடிய மேட்டர். அதற்குப் பேச்சுரிமையில் இடம் கிடையாது. மிரட்டல் என்பது இன்னொருத்தர் பேச்சை நிறுத்துவதற்காகவே செய்வது. அதற்கு இன்றைக்கே சைபர் கிரைமில் புகார் கொடு, ஸ்கிரீன்ஷாட் எடுத்து வை, தனியாகப் போகாதே, நான் கூட வருகிறேன் என்றேன். பேராசிரியரைப் புகாரில் சேர்க்காதே என்றேன். “அவர் எழுதினதுதான் தாத்தா எனக்கு அதிகமா வலிச்சுது” என்றாள். இருக்கட்டும் அம்மா, அவருக்குப் பதில் எழுது, அவர் துறைத் தலைவருக்கு எழுதாதே என்றேன். அதில் அவளுக்குச் சம்மதமில்லை. அரை மணி நேரம் வாதாடினாள். நன்றாகவே வாதாடினாள். ஸ்டேஷனுக்குப் போகிற பஸ்ஸிலும் விடவில்லை.